தோல் சீட்டு வந்த வழி

பிள்ளை நன்றாகப் படித்தால் காசு கொடுக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், இது இந்தக் காலத்துப் பிள்ளைகளால் வந்த வினை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தக் கேள்விக்கு வயது இருநூறைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குள் அது முதலில் வந்தது ரூபாய் நோட்டாக இல்லை. தோலில் வெட்டிப் பொன்னிற எழுத்துப் பொறித்த ஒரு சீட்டாக வந்தது. அந்தச் சீட்டு எங்கே பிறந்தது, யார் யார் கைக்குப் போனது, எங்கே செத்து எங்கே மறுபடி எழுந்தது என்று பின்தொடர்ந்து பார்த்தால், இன்று நாம் அடிக்கிற வாதங்களில் பாதி பழைய வாதங்கள்தான் என்று தெரியும்.

லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே சதக் என்ற ஏழைப் பகுதியில், 1798-இல் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் பள்ளி தொடங்கினார். அப்போது அவருக்கு ஏறக்குறைய இருபது வயது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பிள்ளைகளைப் பிரம்பால் அடிப்பதை வெறுத்தவர். பரோ ரோட்டில் இருந்த அந்தப் பள்ளியில் கூட்டம் நூறுகளில் சேர்ந்தது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. ஒரே பெரிய கூடம், ஒரே ஆசிரியர், அவருக்குக் கீழே மூத்த மாணவர்களே இளையவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் ஏற்பாடு. இப்படி ஆயிரம் பிள்ளைகளைக்கூட ஒருவரே நடத்தலாம் என்று லங்காஸ்டர் நம்பினார்.

இந்த ஏற்பாட்டின் வேர் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒருநாள் குதிரையில் போகும்போது ஒரு திண்ணைப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். தம் பள்ளி ஆசிரியர்களிடம் அப்படியே செய்யச் சொன்னார், அவர்கள் ஒத்துழைக்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் பொறுப்பை அவனிடம் விட்டார். நம் சட்டாம்பிள்ளை இங்கிலீஷ் பள்ளிக்குள் நுழைந்தது இப்படித்தான். 1797-இல் பெல் லண்டனில் வெளியிட்ட சிறு நூல், பள்ளி தொடங்கிய சில காலத்தில் லங்காஸ்டர் கைக்குக் கிடைத்தது. மணலில் எழுதும் முறையை அதிலிருந்து எடுத்துக்கொண்டதை அவரே தொடக்கத்தில் ஒப்புக்கொண்டார். முறை யாருடையது என்று இரு தரப்பும் அடித்துக்கொண்டது பின்னால் நடந்த கதை.

மணலும் சட்டாம்பிள்ளையும் எழும்பூரிலிருந்து போனவை. சீட்டு மட்டும் லங்காஸ்டருடையது.

அது எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். சுவரில் ஒரு பாட அட்டை தொங்கும். அதன் முன்னே ஏழெட்டுப் பையன்கள் அரைவட்டமாக நிற்பார்கள். முதலில் நிற்பவன் மார்பில் தோல் சீட்டு. வாசிப்பில் தகுதி பெற்றவன் என்று அதில் பொறித்திருக்கும். அவன் ஒரு சொல்லைத் தப்பாக வாசித்து, அடுத்தவன் திருத்திவிட்டால், அந்த நொடியே சீட்டைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போக வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பரீட்சை, அதற்குப் பிறகு மார்க், அதற்கும் பிறகு பரிசு என்ற கதையே இல்லை. செய்ததற்கும் கிடைத்ததற்கும் நடுவே ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். இதோடு எண் போட்ட சீட்டுகளும் இருந்தன. சேர்த்துவைத்தால் பந்து, மட்டை, காற்றாடி, படம் என்று மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பொம்மைகள் பிள்ளைகளின் கண்ணில் படும்படி கூடத்திலேயே தொங்கின. மிகச் சிறந்தவர்களுக்கு வெள்ளிப் பதக்கம். அதை அணிந்தவர்கள் தனி வரிசை.

அதே கூடத்தின் கூரையிலிருந்து ஒரு கூண்டும் தொங்கியது. அடம்பிடித்த பையனை அதில் ஏற்றி எல்லோரும் பார்க்க விட்டுவிடுவார்கள். கழுத்தில் மரக்கட்டை மாட்டுவதும் உண்டு. பிரம்பை எறிந்துவிட்டவர் அவமானத்தைக் கையில் எடுத்தார். பரிசைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கூண்டையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஒருவனை உயர்த்துகிற ஏற்பாடு, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இன்னொருவனைத் தாழ்த்தாமல் நடப்பதில்லை. ரேங்க் கார்டு பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பு உடனே வந்தது. சாரா டிரிம்மர் என்ற எழுத்தாளர், ஏழைப் பிள்ளைகளுக்குப் பதக்கம் மாட்டித் தங்களைப் பிரபுக்கள் என்று எண்ண வைப்பது சமூக ஒழுங்குக்கே ஆபத்து என்று 1805-இல் எழுதினார். கவிஞர் ராபர்ட் சதே கூண்டையும் கட்டையையும் சாடினார். டிரிம்மரின் வாதத்தில் எனக்கு ஒரு துளியும் உடன்பாடில்லை. ஏழை வீட்டுப் பையன் தன்னைப் பெரிய ஆளாக ஒரு நாள் நினைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அவர் பக்கமும் லங்காஸ்டர் பக்கமும் பேசாமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. அந்தச் சீட்டு, இல்லாத ஆசிரியரின் இடத்தை நிரப்ப வந்தது. ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்து "நல்லா வாசிச்சடா" என்று சொல்ல ஆள் இல்லாத கூடத்தில், அந்தச் சொல்லுக்குப் பதிலாகத் தோலில் வெட்டிக் கொடுத்தார்கள்.

சீட்டு கப்பலேறியது. நியூயார்க்கில் இலவசப் பள்ளிச் சங்கம் 1806-இல் முதல் பள்ளியை லங்காஸ்டர் முறையிலேயே திறந்தது. நன்றாகப் படித்தால், ஒழுங்காக நடந்தால் சீட்டு. சீட்டைக் கொடுத்துப் பொம்மை வாங்கலாம். 1830-களில் அந்தச் சங்கத்தின் பொறுப்பாளர்களே அதை நிறுத்தினார்கள். பிள்ளைகளிடம் கூலிக்கு மாரடிக்கும் புத்தி வளர்கிறது, போட்டியும் சச்சரவும் பெருகுகின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். லங்காஸ்டரின் வாழ்வும் அதே நகரில்தான் முடிந்தது. கடனில் மூழ்கி, சொந்த அமைப்பாலேயே ஒதுக்கப்பட்டு, 1818-இல் அமெரிக்கா போனவர், 1838-இல் நியூயார்க் தெருவில் மிரண்டோடிய குதிரையின் காலில் சிக்கி இறந்தார்.

சீட்டு சாகவில்லை, கைமாறியது. 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்திய விதிகளின்படி, பள்ளிக்குக் கிடைக்கும் அரசு மானியம் பிள்ளைகளின் தேர்ச்சியைப் பொறுத்தது. இன்ஸ்பெக்டர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. 1860-களிலேயே சென்னை மாகாணத்துக்கும் இந்தத் தேர்ச்சி மானியம் வந்துவிட்டது. திண்ணைப் பள்ளி வாத்தியாரும் எத்தனை பிள்ளை தேறியது என்று எண்ணிக் காசு வாங்கும் நிலைக்கு வந்தார். விளைவு எல்லா ஊரிலும் ஒன்றுதான்: எது சோதிக்கப்படுமோ அது மட்டும் பாடம், மற்றதெல்லாம் வீண். தாமே பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இதை விடாமல் எதிர்த்தார். 1890-களில் இங்கிலாந்து இதைக் கைவிட்டது. மார்க்குக்கு விலை வைத்தால் கல்வி மார்க்காகச் சுருங்கிவிடும் என்பதை அறிய முப்பது ஆண்டுகள் செலவாயின. சென்டம் வாங்கித் தரும் ஆசிரியருக்குத் தங்கக் காசு என்று விளம்பரம் செய்கிற நிர்வாகிகள் இந்த முப்பது ஆண்டுகளைப் படித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை அந்தச் சீட்டைப் பார்ப்பது 1973-இல், கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில். இம்முறை அது தங்க நட்சத்திரமும் சிவப்பு நாடாவும் ஒட்டிய சான்றிதழ். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள், வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள 51 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தபோது, சொல்லிவைத்துக் கொடுத்த குழு மற்றவர்களைவிடப் பாதி நேரமே வரைந்தது. பரிசு ஆசையைத் தின்றுவிடும் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது இந்த ஆய்வில்தான்.

நான் இதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் பேனாவைக் கண்டாலே ஓடி வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. புத்தகத்தைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளையிடம் தின்பதற்கு அந்த ஆசையே இல்லையே. அவர்களிடம் என்ன நடக்கும்?

அதற்கான பதில் மெல்ல மெல்ல வந்தது. 2001-இல் கென்யாவின் மேற்கே புசியா, டெசோ என்ற இரு மாவட்டங்களில், ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு டச்சுத் தொண்டு நிறுவனம் உதவித்தொகை அறிவித்தது. தேர்வில் முதல் 15 சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்குப் பள்ளிக் கட்டணமாக 6.40 டாலர் பள்ளிக்கும், புத்தகம் சீருடைக்கென்று 12.80 டாலர் குடும்பத்துக்கும், இரண்டு ஆண்டுகள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமரும் கூட்டாளிகளும் இதை ஆராய்ந்தார்கள். புசியாவில் பரிசு பெறும் வாய்ப்பே குறைவாயிருந்த பெண் பிள்ளைகளும் முன்னேறினார்கள். போட்டியிலேயே இல்லாத பையன்களும் முன்னேறினார்கள். ஆசிரியர்கள் ஒழுங்காகப் பள்ளிக்கு வரத் தொடங்கினார்கள். டெசோவில் அப்படி நடக்கவில்லை. அங்கே ஒரு பள்ளியில் இடி விழுந்து பிள்ளைகள் இறந்தார்கள். தொண்டு நிறுவனத்தின் மேல் சந்தேகம் விழுந்து, சில பள்ளிகள் விலகிக்கொண்டன. ஊர் நம்பாத காசு வேலை செய்யாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

பெரிய சோதனை அமெரிக்காவில்தான். 2007 முதல் 2009 வரை ஹார்வர்டு பொருளியலாளர் ரோலண்ட் ஃப்ரையர், பின்தங்கிய பிள்ளைகள் படிக்கும் இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் நேரடியாகப் பிள்ளைகளுக்கே பணம் கொடுத்துப் பார்த்தார். ஊருக்கு ஊர் வேறு கணக்கு. நியூயார்க்கில் பரீட்சை மார்க்குக்குப் பணம்: நாலாம் வகுப்புக்குத் தேர்வுக்கு 25 டாலர்வரை, ஏழாம் வகுப்புக்கு 50 டாலர்வரை. சிகாகோவில் ஒன்பதாம் வகுப்பின் கிரேடுக்கு: ஏ வாங்கினால் 50 டாலர், பி-க்கு 35, சி-க்கு 20, பாதி உடனே, மீதி பள்ளி முடித்த பிறகு. வாஷிங்டனில் வருகை, நடத்தை, வீட்டுப்பாடம் போன்றவற்றுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 100 டாலர்வரை. டல்லஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு புத்தகம் வாசித்தால் 2 டாலர்.

நியூயார்க்கில் கல்வித் தரத்தில் அசைவே இல்லை. சிகாகோவில் வருகையும் கிரேடும் கொஞ்சம் ஏறின. பொதுத் தேர்வில் பலன் இல்லை. வாஷிங்டனில் வாசிப்பு சற்றே உயர்ந்ததற்கான அறிகுறி. எல்லாவற்றிலும் மலிவான டல்லஸ்தான் ஜெயித்தது.

அங்கே நடந்ததைப் பாருங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளை நூலகத்தில் தன் நிலைக்கேற்ற புத்தகம் ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கிறது. வாசித்து முடித்ததும் கணினி முன் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் பற்றிய சில கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. நூற்றுக்கு எண்பது சரியாக இருந்தால் 2 டாலர் சேரும். ஒரு பருவத்துக்கு இருபது புத்தகம்வரை கணக்கு. வருடத்தில் மூன்று முறை, அந்தப் பிள்ளையின் பெயரிலேயே காசோலை வரும். சராசரியாக ஒரு பிள்ளை சம்பாதித்தது 14 டாலருக்கும் குறைவு. இந்தச் சில்லறைக்கு வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் தெளிவாக ஏறியது. பணம் நின்ற அடுத்த ஆண்டிலும் அந்த முன்னேற்றத்தில் ஏறக்குறைய பாதி தங்கியிருந்தது. படிப்பின் மேல் பிள்ளைகளுக்கு இருந்த ஆர்வம் பணத்தால் குறைந்ததற்கு ஃப்ரையர் குழுவின் ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை.

ஏன் இங்கே மட்டும்? அடுத்த தேர்வில் இன்னும் அதிகப் பணம் வாங்க என்ன செய்வாய் என்று பரீட்சைக்குப் பணம் வாங்கிய பிள்ளைகளிடம் கேட்டார்கள். கேள்வியை நிதானமாக வாசிப்பேன், எழுதியதை ஒருமுறை சரிபார்ப்பேன் என்ற மாதிரிப் பதில்களே வந்தன. தினமும் படிப்பேன், புரியாததை டீச்சரிடம் கேட்பேன் என்ற எண்ணமே எழவில்லை. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. பணம் வேண்டும் என்றுதான் இருந்தார்கள். மார்க் என்பது எப்படி உண்டாகிறது என்று அவர்களுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. படித்த வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவோ அக்காவோ பக்கத்தில் உட்கார்ந்து அதைக் காட்டிவிடுகிறார்கள். மற்றப் பிள்ளைக்கு 50 டாலர் என்பது மாடியில் வைத்த பண்டம், ஏணி எங்கே என்று தெரியாது. டல்லஸ் பிள்ளையிடம் கேட்டது அதன் கைக்கு எட்டுகிற ஒரு காரியம்: புத்தகத்தை எடு, வாசி.

நம் மாநிலத்தில் இந்தச் சீட்டு இப்போது வங்கிக் கணக்கு எண்ணாக நடமாடுகிறது, பல உருவில். இடைநிற்றலைக் குறைக்க அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் ஒன்னுக்கும் தலா 1,500, பிளஸ் டூவுக்கு 2,000 என்று மொத்தம் 5,000 ரூபாயை வைப்புத்தொகையாகப் போட்டுப் பள்ளி முடித்ததும் தரும் திட்டம் 2011-12 முதல் வந்தது. பெண்ணின் கல்யாணத்துக்கென்று இருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திட்டம், உயர்கல்விக்கான திட்டமாக மாற்றப்பட்டு, 2022 செப்டம்பர் 5-இல் புதுமைப் பெண் என்று தொடங்கியது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. இவற்றில் எதிலும் மார்க் கேட்கவில்லை. வந்து படி, நிற்காமல் படி என்பதுதான் நிபந்தனை. தாலிக்குப் போக இருந்த பணத்தைப் படிப்புக்குத் திருப்பியதை இந்த மாநிலம் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

மார்க் கேட்கிற திட்டமும் உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வை 2008-இல் மத்திய அரசு தொடங்கியது. மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். தேறினால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நாடு முழுக்க ஒரு லட்சம் இடம், தமிழகத்துக்கு 6,695. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் மாதம் ஆயிரம் ரூபாய் என்பது, பையனை வேலைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற அப்பாவை நிறுத்தி வைக்கும் தொகை. அந்த வகையில் இது காக்கப்பட வேண்டிய திட்டம். விலைவாசிக்கு ஏற்றபடி தொகையை உயர்த்தவும் வேண்டும். ஆனால் கடைசி பெஞ்சுப் பிள்ளையை இது படிக்கத் தூண்டும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். தேர்ந்தெடுத்த பத்துப் பேருக்குச் சிறப்பு வகுப்பு எடுத்து, மற்ற முப்பது பேரைச் சும்மா உட்கார வைத்தால், லங்காஸ்டரின் அரைவட்டத்துக்கே திரும்பிவிடுவோம். அவர் சீட்டாவது நாள்தோறும் கைமாறியது.

ஆகவே காசு கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டால், கொடுக்கலாம் என்பதே என் பதில். மார்க்குக்குக் கொடுக்காதீர்கள். வறுமைக்குக் கொடுங்கள்; கேள்வி கேட்காமல், மாதாமாதம், தாமதமில்லாமல் கொடுங்கள். அதற்கு மேல் ஊக்கம் என்று எதையாவது தரப்போகிறீர்கள் என்றால், பிள்ளையின் கைக்குள் இருக்கிற உழைப்புக்குத் தாருங்கள்.

பள்ளி ஆண்டு விழாவில் முதல் மூன்று இடங்களுக்குப் பணமுடிப்பு கொடுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் அந்தத் தொகையை ஐந்தாம் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். பள்ளி நூலகத்தின் அலமாரிப் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை ஒரு கதைப் புத்தகத்தை வாசித்து, அதைத் தன் வாயால் ஆசிரியரிடம் சொல்லி முடித்த அன்றைக்கே, இருபது ரூபாயோ ஒரு புதுப் புத்தகமோ அதன் கையில் கிடைக்கட்டும். மூன்று பேருக்குப் போகிற பணம் வகுப்பு முழுக்கப் போகும்.